பாட்டுக்காரம்மாவுக்கு இரண்டு பல்செட்டு

பல் மருத்துவமனையின் பின்னறையில் உட்கார்ந்து பல்செட்டு செய்கிறவளுக்குத் தெருவில் பல்லக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வாக்காளர் பட்டியலில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. கைவேலையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது; சொன்ன நாளில் கொடுத்ததாகச் சரித்திரமும் கிடையாது. செவ்வாய்க்கிழமை வரச் சொல்வாள். செவ்வாய்க்கிழமை போய் நின்றால், "இன்னொரு தடவை பார்த்துடறேனே" என்பாள். எதிர்வரிசை மருந்துக்கடைக்காரர் தன் கீழ்வரிசைப் பல்லுக்காகப் பதினொரு நாள் சூப்பும் பெருமூச்சுமாக ஓட்டினார். பன்னிரண்டாம் நாள் வறுத்த கடலையைக் கடித்துக் காட்டித் தெருவையே கூட்டிவிட்டார்.

இந்த வியாதி அவளுக்கு எங்கே தொற்றியது என்பது தெருவுக்கே மனப்பாடம். கேட்காதவர்களுக்கும் அவளே சொல்லியிருக்கிறாள். இருபது வயதில் அவள் செய்த முதல் பல்செட்டு திரும்பி வந்தது. போட்டுக்கொண்டு பேசினால் குதிரை நடக்கிற சத்தம். அப்போதிருந்த பெரிய டாக்டர், அதாவது இப்போதைய டாக்டரின் அப்பா, அதை மேசைமேல் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். நாலு வார்த்தை திட்டியிருந்தாலும் ஆறியிருக்கும். இனி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று பல்லக்கா பையை எடுத்துக்கொண்டாள். ரேடியோவை அணைக்கப் போன கை, ஊரே கொண்டாடுகிற பாட்டுக்காரம்மாவின் பேட்டி என்றதும் அந்தரத்தில் நின்றது. 'சாளரம் சாத்தாமல்' என்று தொடங்கும் அந்தப் புகழ்பெற்ற சாளரப் பாட்டை எப்படிப் பாடினீர்கள் என்று கேட்டார்கள்.

"பதினேழு தடவை பாடினேன். பதினாறு தடவையும் எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொன்னாங்க. எனக்குத்தான் மனசு ஒப்பலை."

பல்லக்கா பையை மறுபடி ஆணியில் மாட்டினாள். குதிரைப் பல்லை உடைத்துப் புதிதாகச் செய்தாள். முப்பத்தொரு வருஷமாக அந்த ஆணியில் பை தொங்குகிறது.

அப்பேர்ப்பட்டவளின் அறைக்கு ஒரு திங்கட்கிழமை காலை அந்தப் பாட்டுக்காரம்மாவே வந்து நின்றார். எழுபத்தாறு வயது, வாயை மூடிய கைக்குட்டை, பின்னால் தலையெல்லாம் பஞ்சாக ஒரு பெரியவர். அந்தக் காலத்துப் பாட்டுகளை எல்லாம் பதிவு செய்தவர் அவர்தான் என்று டாக்டர் அறிமுகப்படுத்தினார். பல்லக்கா அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. மெழுகைக் காய்ச்சிக்கொண்டிருந்தவள் எழுந்து நின்றாள். மெழுகு பொங்கி அடுப்பில் வழிந்தது.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை பாட்டுக்காரம்மாவுக்குப் பாராட்டு விழா. மேடையில் சாளரப் பாட்டின் முதல் நாலு வரியையாவது பாட வேண்டும். மேல்வரிசையில் மிச்சமிருந்த பல்லெல்லாம் போன மாதத்தோடு விடைபெற்றுக்கொண்டன. முடியாவிட்டால் பழைய ரெக்கார்டைப் போட்டுவிடுகிறோம், நீங்கள் வாயை மட்டும் அசையுங்கள் என்று விழாக்காரர்கள் யோசனை சொல்லியிருக்கிறார்கள்.

"என் பாட்டுக்கே நான் பொம்மையா நிக்கணுமாம்" என்றார் கைக்குட்டைக்குப் பின்னாலிருந்து. "பல்லு சரியா வந்தா பாடறேன். இல்லேன்னா அந்தப் பக்கமே போறதா இல்லை."

"வரும்மா. நீங்க பாடுவீங்க" என்றாள் பல்லக்கா.

டாக்டர் திடுக்கிட்டார். அவள் யாருக்கும் இப்படி வாக்குக் கொடுத்து அவர் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை பல்செட்டு தயாராக இருந்தது. சொன்ன நாளில்! மருந்துக்கடைக்காரர் இதைக் கேள்விப்பட்டு, தன் பதினொரு நாளை நினைத்து ஒரு வேளை சாப்பிடவில்லை. வரிசை பிசகாமல், முத்துக் கோத்ததுபோல் பற்கள். பாட்டுக்காரம்மா போட்டுக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தார். உதட்டைப் பிரித்தார். இன்னும் கொஞ்சம் பிரித்தார். கல்யாணப்பெண் மாதிரி முகம் சிவந்துபோனது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே பாடினார்: "சாளரம் சாத்தாமல் சற்றே இரு…"

டாக்டர் கைதட்டினார். பல்லக்கா தட்டவில்லை. சுருதி அதேதான், குழைவும் அதேதான். ஆனால் யாரோ கெட்டிக்காரப் பெண் பாட்டுக்காரம்மாவைப் போலப் பாடிக் காட்டுகிற மாதிரி இருந்தது. கண்ணை மூடி உட்கார்ந்திருந்த பெரியவர் மெல்லத் திறந்தார்.

"யாரும்மா பாடினது?"

பாட்டுக்காரம்மாவின் முகம் சட்டென்று அடங்கியது. தனக்கும் அது கேட்டிருக்கிறது என்று அந்த முகமே சொன்னது. "வயசாச்சுல்ல. குரல் போயிடுச்சு. விடுங்க, சாப்பிடறதுக்காவது ஆகும்" என்று கைப்பையை எடுத்துக்கொண்டார். "விழாவுக்கு வரலைன்னு சொல்லிடறேன்."

அவர்கள் போனதும் பல்லக்கா பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாளரப் பாட்டைப் போட்டாள். முப்பத்தொரு வருஷம் கேட்ட பாட்டு. அன்றுதான் பல் செய்கிறவளின் காதால் கேட்டாள். 'சாளரம்' என்னும்போது ஒரு காற்று. 'சாத்தாமல்', 'சற்றே' என்னும்போது மறுபடி அதே காற்று. கதவிடுக்கில் நுழைகிற மாதிரி, மெலிசாக. அந்தக் காற்றில்தான் ஊரே மயங்கிக் கிடந்தது. மேல்வரிசையில் நடுப்பற்கள் இரண்டுக்கும் இடையே சந்து இருந்தாலொழிய அப்படி ஒரு காற்று வராது என்று இவளைத் தவிர யாருக்குத் தெரியும்? அலமாரியிலிருந்த ரெக்கார்டு உறைகளையெல்லாம் பரப்பிப் பார்த்தாள். இருபத்து மூன்று படம். இருபத்து மூன்றிலும் பாட்டுக்காரம்மா வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

தானே சாத்திய சந்துதான் அந்தக் குரலையும் சாத்திவிட்டது.

வெள்ளிக்கிழமை முழுக்க அவள் தலைநிமிரவில்லை. "ஒரு செட்டுதானே கேட்டாங்க?" என்று டாக்டர் எட்டிப் பார்த்தபோது, பல்லால் நூலைக் கடித்துக்கொண்டே கையாட்டி அவரை வெளியே அனுப்பினாள். நடுப்பற்கள் இரண்டுக்கும் நடுவே நூலை விட்டு அளந்தாள். ஒற்றை நூல், இரட்டை நூல், மூன்று நூல். வைப்பதும், பாட்டைப் போடுவதும், மறுபடி மெழுகை இளக்குவதுமாகப் பொழுது போனது.

சனிக்கிழமை காலை, ஒரு சின்னத் திருத்தம் என்று பொய் சொல்லி இருவரையும் வரவழைத்தாள். பல்லக்கா நீட்டிய சின்னப் பெட்டியைப் பாட்டுக்காரம்மா திறந்தார். உள்ளே நடுவில் சந்து விட்ட புதுச் செட்டு. பார்த்ததும் டப்பென்று மூடினார்.

"யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லலைம்மா. பாட்டுல கேட்டுது."

"அம்பது வருஷம் வாயை மூடிக்கிட்டே சிரிச்சேன், தெரியுமா? சின்ன வயசுல சந்துப்பல்லு சந்துப்பல்லுன்னு கூடப் படிச்சவளுங்க ஓட்டினது போதாதா? எல்லாப் பல்லும் போச்சு, சனியன் தொலைஞ்சுதுன்னு சந்தோஷமா வந்தேன். நீ அந்தச் சனியனைத் தேடிப் பிடிச்சு வெச்சிருக்கே!"

பல்லக்காவுக்குக் கண் கலங்கியது. ஆனாலும் விடுகிற ஜாதியா அவள்? "நீங்கதானேம்மா சொன்னீங்க, பதினாறு தடவை நல்லா வந்தும் மனசு ஒப்பலைன்னு? அதைக் கேட்டுட்டுத்தான் நான் இந்த வேலையில இருக்கேன். இதைப் போட்டுக்கிட்டு ஒரே ஒரு தடவை பாடிப் பாருங்க."

மூலையிலிருந்து ஒரு சத்தம். பெரியவர் சிரித்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"இவங்க மனசா ஒப்பலை? இன்னொண்ணு, இன்னொண்ணுன்னு பாடச் சொன்னது நான்மா! இவங்க ஒன்பதாவது தடவையோட குளியலறைக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டாங்க. வெளிய நின்னு கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிட்டு வந்தேன்."

"நீங்க சும்மா இருக்க மாட்டீங்களா?" என்று பாட்டுக்காரம்மா சீறினார். ஆனால் சீற்றத்தில் உயிரில்லை.

பல்லக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். முப்பத்தொரு வருஷம். எத்தனை பேரைச் சூப்பு குடிக்க வைத்திருப்பாள்! வீட்டுக்காரர் எத்தனை நாள் ஆறிய சோற்றைத் தனியாகச் சாப்பிட்டிருப்பார்! எல்லாம் குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்ட ஒருத்தியை நம்பி. இதை மருந்துக்கடைக்காரர் கேட்டால் தெருவில் தலைகாட்ட முடியுமா?

"அப்ப ரேடியோவுல சொன்னது?"

"பெருமைக்குச் சொன்னேன்மா" என்றார் பாட்டுக்காரம்மா, தரையைப் பார்த்தபடி. "பேட்டின்னா எல்லாரும் ஏதாவது அளக்கறதுதான். கேட்டுட்டு மறந்துடுவாங்கன்னு நினைச்சேன்." அவர் பார்வை பல்லக்காவின் விரல்களுக்குப் போனது. நுனியெல்லாம் சூடுபட்ட தழும்பு. "நான் சும்மா சொன்னதை நிஜமாவே செஞ்சவ நீதானா?"

பெட்டியை மறுபடி திறந்தார். திரும்பி நின்று மாட்டிக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே பாடினார்.

சாளரம் என்றார். அந்தக் காற்று வந்தது. குரலில் நடுக்கம் இருந்தது, மூச்சு பாதி வரியிலேயே இளைத்தது. ஆனால் யார் பாடுகிறது என்று இனி யாரும் கேட்க வேண்டியதில்லை. வெளியே காத்திருந்த வீக்கக் கன்னக்காரர் ஒருவர் வலியை மறந்து கதவருகில் வந்து நின்றார்.

நாலு வரி முடிந்ததும் பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பழக்கதோஷத்தில், "இன்னொண்ணு" என்றார்.

பாட்டுக்காரம்மா அவரை முறைத்தார். பல்லக்காவைப் பார்த்தார். மூச்சை இழுத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். பக்கத்தில் குளியலறை எதுவும் இல்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை விழாவில் பல்லக்காவுக்கு மூன்றாம் வரிசையில் இடம். பாட்டுக்காரம்மா பாடினார். நாலு வரி என்று சொன்னது எட்டு வரி ஆனது. கூட்டம் எழுந்து நின்றது. அந்த ஆரவாரத்தில் அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் திரையின் பக்கம் திரும்பியதை யாரும் கவனிக்கவில்லை. பல்லக்கா கவனித்தாள். கைக்குட்டைக்குள் என்ன இருந்தது என்பதும் அவளுக்குத் தெரியும். போட்டோக்காரர்கள் முன்னால் வந்ததும் பாட்டுக்காரம்மா திரும்பினார். ஐம்பது வருஷம் பாக்கி வைத்திருந்த சிரிப்பை எல்லாம் சேர்த்து, வாய் நிறையச் சிரித்தார். முத்துக் கோத்த வரிசை. ஒரு சந்து கிடையாது.

மறுநாள் பேப்பரில் அந்தப் படம் கால் பக்கத்துக்கு வந்திருந்தது. டாக்டர் அதைக் கத்தரித்து வரவேற்பறையில் ஒட்டினார். மருந்துக்கடைக்காரரே கடையை விட்டு வந்து பார்த்து, "பிரமாதம்" என்று ஒப்புக்கொண்டார். பல்லக்கா மட்டும் பூதக்கண்ணாடியை எடுத்து வந்து படத்தின்மேல் குனிந்தாள். நிமிர்ந்தபோது முகம் சரியில்லை. நேராகப் போய்ப் போனை எடுத்தாள்.

"அம்மா, அந்தச் சிரிக்கிற செட்டுல இடது பக்கம் ஒரு பல்லு இழையளவு தூக்கலா இருக்கு. இன்னொரு தடவை வந்துட்டுப் போறீங்களா?"

மறுமுனையில் நீண்ட பெருமூச்சு.

"செவ்வாய்க்கிழமை வரட்டுமா?" என்றார் பாட்டுக்காரம்மா.