பெரியாயி கேட்டதும் நான் சொன்னதும்

1

இந்தக் கதை நான் சொன்ன ஒரு பொய்யிலிருந்து வந்தது. 2003இல் பதுளைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நான் கிளார்க்காக இருந்தேன். இதை ஏழு தடவை தொடங்கிக் கிழித்துப் போட்டிருக்கிறேன். ஒரு தொடக்கம் இது:

"பனி மூடிய மலைகளுக்கு நடுவே, தேயிலைச் செடிகள்..."

வேண்டாம். பெரியாயி வந்த அன்று பனி இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது.

இன்னொன்று: "பரமலிங்கம் யாழ்ப்பாணத்தவர். ஆஸ்பத்திரியில் மொழிபெயர்த்துச் சொல்பவரும் அவர்தான்."

இது மூன்று பக்கம் நன்றாக ஓடியது. பிறகுதான் உறைத்தது, கதையிலும் அதே பொய்யைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று. பரமலிங்கம் என்று யாரும் இல்லை. அது நான். நான் யாழ்ப்பாணமும் இல்லை.

2

டாக்டர் சிங்களவர், தமிழ் வராது. தேயிலைத் தோட்டத்து நோயாளி வந்தால் என்னைக் கூப்பிடுவார். அவரும் மற்றவர்களும் என்னை யாழ்ப்பாணத்து ஆளாக நினைத்திருந்தார்கள். தோட்டத்து ஆள் என்றால் அங்கே மதிப்புக் குறைவு, நான் திருத்தவில்லை. அதோடு நிற்காமல் அந்தப் பேச்சையும் பழகிக்கொண்டேன்.

பெரியாயிக்கு ஐம்பத்து மூன்று வயது. கொழுந்து பறிப்பவர். கணையத்தில் புற்று, அறுக்க முடியாத இடத்தில். பக்கத்தில் மகள் ஜீவராணி, எட்டு மாத வயிற்றோடு.

டாக்டர் சொன்னது: கட்டியைச் சுற்றி நார் பாய்ந்து இறுகிய சதை இருக்கிறது. அது மருந்தை உள்ளே விடுவதில்லை. கொழும்பில் ஆறு வாரம், அந்த இடத்துக்கு மட்டும் கதிர் சிகிச்சை கொடுக்கலாம். கட்டி சுருங்கலாம், சுற்றியிருப்பதும் மாறலாம், பிறகு மருந்து ஏறலாம், வலி குறையலாம். எதற்கும் உறுதி இல்லை என்று அவரே சொன்னார். [நல்ல மனிதர். தவறு அவருடையது அல்ல.]

நான் அதைச் சுத்தமான தமிழில் சொன்னேன். பெரியாயி விழித்தார்.

"வெளங்கலீங்க ஐயா."

குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "கவ்வாத்து வெட்டுனப்பறம் முள்ளு குத்துவாங்கள்ல*, அது மாதிரிங்க. மண்ணு எறுகிப்போனா ஒரம் எறங்காது. அந்த எடத்த மட்டும் எளக்கி விடுறாங்க."

(* தேயிலைச் செடியை மட்டமாக வெட்டிவிடுவது கவ்வாத்து. முள்ளு குத்துவது, அதன் பிறகு இறுகிய மண்ணில் நீளப் பற்கள் வைத்த இரும்பு முள்ளைக் குத்தி, நெம்பி, இளக்கிவிடும் வேலை. என் அப்பா செய்த வேலை.)

"எளக்கினா ஒரம் மட்டுமா எறங்கும் தம்பி? களையும்ல வேரோடும்" என்றார் பெரியாயி.

ஐயா தம்பியாகிவிட்டதைக் கவனித்தீர்களா? நானும் கவனித்தேன்.

"அந்த எறுக்கந்தான் அத அங்கனேயே புடிச்சு வச்சிருக்கோ என்னமோ. டாக்டர் ஐயாகிட்ட இத மட்டும் கேட்டுச் சொல்லுங்க. பரவும்னா நான் போகல. மக நெறமாசக்காரி, கூட இருக்கணும்."

பிறகு சிரித்துக்கொண்டே கேட்டார்: "தம்பி எந்தத் தோட்டம்?"

3

இங்கேதான் ஒவ்வொரு தடவையும் பேனா நின்றது.

என்ன கேட்கிறார் என்றார் டாக்டர். அதைச் சொல்ல வேண்டுமானால் முள்ளு குத்துவதைச் சொல்ல வேண்டும். உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்பார். தோட்டத்து லயத்தில், கூலிகளின் வரிசை வீட்டில் பிறந்தவன் என்று நான்...

"சம்மதமாம்" என்றேன். சிங்களத்தில் அது ஒரே சொல்.

யாழ்ப்பாணப் பேச்சோடு பெரியாயி பக்கம் திரும்பினேன். "அப்பிடி ஒண்டும் ஆகாதாம். பயப்பிடாமப் போகச் சொல்லுறார்."

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "சரிங்க ஐயா" என்றார்.

4

முடிவுகள்.

(அ) நான் கேள்வியை மொழிபெயர்க்கிறேன். டாக்டர் யோசித்து, தெரியவில்லை என்கிறார். பெரியாயி வீட்டுக்குப் போகிறார். எழுதும்போது சுகமாக இருந்தது, அதனாலேயே அடித்துவிட்டேன்.

(ஆ) சிகிச்சை பலிக்கிறது, பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு... சீ.

(இ) நடந்தது. பெரியாயி கொழும்பில் இருந்தபோது இங்கே குழந்தை பிறந்தது. திரும்பியபோது வலி குறைந்திருந்தது உண்மை. மூன்று மாதத்தில் ஈரலுக்குப் பரவி இறந்துபோனார். சிகிச்சையால் பரவியது என்று சொல்ல மாட்டேன், அந்த நோய் எப்படியும் பரவக்கூடியது. ஆனால் வெகுகாலம் கழித்து ஒரு கட்டுரை படித்தேன். கட்டியைச் சுற்றிய இறுக்கம் மருந்தைத் தடுப்பதுபோலவே சில வேளை கட்டியையும் தடுத்து வைத்திருக்குமோ என்று ஆராய்ச்சியாளர்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். அது பெரியாயியின் கேள்வி, நான் விழுங்கிய கேள்வி. அன்று எனக்கு வெட்கத்தில் சோறு இறங்கவில்லை.

மரணச் சான்றிதழ் விஷயமாக ஜீவராணி கைக்குழந்தையோடு வந்தாள்.

"அம்மா ஒங்களத்தாங்க சொல்லிக்கிட்டே இருந்துச்சு. நம்ம ஆளு மாதிரி எடுத்துச் சொன்னாருன்னு."

"ஓம்" என்றேன், யாழ்ப்பாணத்தில் சொல்வதுபோலவே.

5

முடிவு எழுத எனக்கு யோக்கியதை இல்லை. பெரியாயி இரண்டு கேள்வி கேட்டார். முதலாவதை உங்களிடம் ஒரு சொல் விடாமல் சேர்த்துவிட்டேன். டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்து நீங்கள் பதில் சொல்லுங்கள். இடம் விட்டிருக்கிறேன்.

.................................

இரண்டாவதற்குப் பதில் அன்றைக்கே எனக்குத் தெரியும்.

ஸ்பிரிங்வெளித் தோட்டமுங்கம்மா. மேட்டு லயம்.