ஒற்றைப்படைச் சாமந்தி

எங்கள் ஊர் விமான நிலையத்திலிருந்து தலைநகர் கீவுக்கு வாரத்தில் இரண்டு விமானம் போனால் அதிகம். அதற்கும் ஒரு தீயணைப்பு வண்டி, நாலு ஆட்கள். ஒருவன் என் வீட்டுக்காரன் வலேரி. இன்னொருவன் எதிர்வீட்டு ராயாவின் புருஷன் ஹென்னாதி. வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவர்கள் அணைத்ததெல்லாம் ஓடுபாதை ஓரத்தில் எரிந்த காய்ந்த புல்தான். "துரை புல்லுக்குத் தண்ணி ஊத்திட்டு வந்துட்டாரு" என்று நானும் ராயாவும் கேலி செய்வோம்.

போர் வந்ததும் விமானங்கள் நின்றுபோயின. வண்டியை விட்டு வர மாட்டோம் என்று நாலு பேரும் அங்கேயே தங்கிவிட்டார்கள். வண்டியாம், பெரிய வண்டி! பிறகு நிலையம் நம்மவர் கைக்கும் எதிரிகள் கைக்கும் மாறி மாறிப் போனது. முதலில் கோபுரம் விழுந்தது, அப்புறம் பயணிகள் கூடம். கடைசியில் அடித்துக்கொள்ள அங்கே ஒரு சுவர்கூட மிச்சமில்லை.

போன வாரம் கண்ணிவெடி எடுப்பவர்கள் தீயணைப்புக் கூடத்தின் நிலவறையைத் திறந்தார்கள். உள்ளே மூன்று உடல்கள். நாலு இல்லை, மூன்று. யார் யார் என்று சொல்லும் நிலையில் இல்லை, பரிசோதனை முடிவு வர நாளாகுமாம். எனக்கு அழுகை வரவில்லை. பல் பிடுங்கிய பிறகு தாடை மரத்துக் கிடக்குமே, அப்படி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நிலையத்து வேலி வரைக்கும் வர அனுமதித்தார்கள். போகிற வழியில் நானும் ராயாவும் சந்தையில் சாமந்தி வாங்க நின்றோம்.

"ஒத்தையா ரெட்டையா, கண்ணுங்களா?" என்றாள் பூக்காரி.

எங்கள் பக்கம் உயிரோடு இருப்பவர்களுக்கு ஒற்றைப்படை, போனவர்களுக்கு இரட்டைப்படை.

"எனக்கு ஆறு குடு" என்றாள் ராயா.

"ஏண்டி, இன்னும் முடிவே வரலையே!"

"வந்து என்ன ஆகப்போகுது ஸினா? என் ஆளு முட்டி தேஞ்ச ஆளு. மாடிப்படி ஏறவே நடுவுல உக்காருவான். உன்னோடவன் நல்லா ஓடுவான். தப்பிச்சது அவனாத்தான் இருக்கும். நீ அஞ்சு வாங்கிக்கோ."

வாங்கினேன். சந்தோஷமாகக்கூட இருந்தது. அவள் புருஷன் செத்திருந்தால்தான் என் புருஷன் பிழைத்திருப்பான் என்று தெரிந்தே சந்தோஷப்பட்டேன். வெட்கமாவது வந்ததா என்றால், அதுவும் இல்லை.

வேலியருகே மற்ற இரண்டு ஆட்களின் வீட்டுப் பெண்களும் வந்திருந்தார்கள். அவர்கள் கையிலும் ஐந்து ஐந்துதான். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அப்பால் செங்கல் குவியல், அதன் நடுவே வண்டியின் துருப்பிடித்த அடிச்சட்டம்.

ராயா எங்கள் மூவரின் கைகளையும் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஸினா, ஒண்ணு குடு."

"என்னது?"

"பூவுடி. ஒண்ணே ஒண்ணு குடு. அவனும் ஓடியிருக்கலாம் இல்ல? வலிச்சாலும் ஓடியிருக்கலாம் இல்ல?"

கொடுத்தால் அவளுக்கு ஏழு, எனக்கு நாலு. அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. நான் பூங்கொத்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

தன்னிடம் இருந்த ஆறில் ஒன்றைக் கீழே போட்டிருந்தால் போதும். அது அவளுக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. நான் சொல்லவில்லை.