காணாமல் போன நெக்ஸ்ட் பட்டன்

குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றின் அலுவலகத்தில் காலையிலிருந்து ஒரு பட்டனைத் தேடிக்கொண்டிருந்தார்கள். புது சாஃப்ட்வேர் போட கூடலூரிலிருந்து வந்த மலையாளிப் பையன் ஸ்டெபினுக்கு, தனியாகப் பார்க்கும் முதல் வேலை இதுதான். இன்ஸ்டால் பெட்டி திரையில் ஜம்மென்று திறந்தது. ஆனால் அதன் அடிப்பாகம் திரைக்குக் கீழே போய்விட்டது. 'சம்மதம்' என்று டிக் போடும் கட்டமும் இல்லை, 'நெக்ஸ்ட்' பட்டனும் இல்லை. ஸ்டெபின் எண்டரைத் தட்டினான், பெட்டியை மேலே இழுத்தான், கம்ப்யூட்டரை மூன்று முறை அணைத்துப் போட்டான். அது மசிவதாக இல்லை.

பக்கத்தில் நின்ற லீலாவதிக்குக் காரணம் தெரியும். பத்தொன்பது வருடமாக அவள் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் மேசை அது. தீபாவளிக்குப் பிறகு எழுத்தெல்லாம் எறும்பாக ஊர ஆரம்பித்ததும், சத்தமில்லாமல் செட்டிங்கில் போய் எல்லாவற்றையும் பெரிதாக்கி வைத்தவளே அவள்தான். "நல்ல கண்ணுள்ள சின்ன வயசு ஆளா ஒருத்தரை ஆபீசுக்குப் போடணுங்க" என்று மேனேஜர் நல்லசிவம் போன வாரம்தான் சொல்லியிருந்தார். கண் மங்கியது தெரிந்தால் மேசை போய்விடும், பேக்கிங் பிரிவில் தள்ளிவிடுவார் என்று பயம். கண்ணாடி காட்டிக்கொடுத்துவிடும் என்று அதையும் வாங்கவில்லை. அசட்டுப் பயம்தான், ஆனாலும் பயம் பயம்தானே! திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

ஸ்டெபினின் போன் அடித்தது. "ஒரு பெட்டியில நெக்ஸ்ட் அமுக்கத் தெரியலயா? உன்னை அனுப்புனது என் தப்பு!" என்று அவன் முதலாளி கத்தியது அறை முழுக்கக் கேட்டது.

"ஃபைல்தான் கெட்டுப்போச்சு போல, சேச்சி" என்றான் ஸ்டெபின்.

லீலாவதிக்கு மனசு பொறுக்கவில்லை. மேனேஜர் வாசலில் வந்து நிற்பதைப் பார்த்தும் சொல்லிவிட்டாள்.

"உங்க மேல தப்பில்லீங்க தம்பி. எனக்குக் கண்ணு சரியாத் தெரியறதில்ல. நாந்தான் எல்லாத்தையும் பெருசு பண்ணி வச்சேன். அதைக் குறைங்க, பட்டன் வந்துரும்."

குறைத்தான். வந்தது. ஐந்தே நிமிடத்தில் வேலை முடிந்தது. ஸ்டெபினுக்கு உயிர் வந்தது, லீலாவதிக்குப் போனது.

நல்லசிவம் உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"ஏனுங்க லீலாவதி, பெருசு பண்றது எந்த செட்டிங்ல இருக்குதுங்க? நான் ஆறு மாசமா பூதக்கண்ணாடி வச்சு மெயில் படிக்கறனுங்க."

"அப்ப நீங்க கேட்ட சின்ன வயசு ஆளு?"

"எனக்குப் படிச்சுச் சொல்றதுக்குத்தானுங்க!"

லீலாவதிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. "தம்பி, முதல்ல என்னோடத பழையபடி பெருசாக்கிட்டு, அப்புறம் சாரோட ரூமுக்குப் போங்க" என்றாள்.