இருபத்துமூன்று பேர் எழுதிய ஒரே தவறு

செவ்வாய்க்கிழமை காலையிலிருந்தே அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பேருந்தில் இடம் கிடைத்தும் உட்காராமல் நின்றுகொண்டே வந்தாள். தோளில் தொங்கிய மடிக்கணினிக்குள் அறுபத்திரண்டு பள்ளிகளின் ஆறாம் வகுப்பு வாசிப்புத் தேர்வு முடிவுகள் இருந்தன. நன்றாகச் செய்த வகுப்புக்குப் பச்சைக் கட்டம், சுமாருக்கு மஞ்சள், மோசத்துக்குச் சிவப்பு. நிறம் பூசியவள் அவளேதான். தேர்வு முடிவுகளை வைத்து மொழிப்பாட ஆசிரியர்களுக்கு வழி சொல்வது அவள் உத்தியோகம். அதற்கு முழ நீளத்தில் ஒரு பதவிப் பெயர் உண்டு. ஆசிரியர்கள் அதை அவள் முதுகுக்குப் பின்னால் ‘கட்டம் மேடம்’ என்று சுருக்கிவிட்டார்கள்.

பட்டியலின் அடியில் கிடந்த சிவப்புக் கட்டம் அவள் அண்ணியின் வகுப்பு.

அண்ணி இருபத்திரண்டு வருடமாக மொழிப்பாடம் நடத்துகிறாள். அவளிடம் படித்த பிள்ளைகளின் பிள்ளைகள் இப்போது அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டில் சாப்பிட்டபோது கட்டத்தின் நிறம் தெரிந்திருந்தும் அவள் மூச்சு விடவில்லை. மறுநாள் மேலதிகாரி கூப்பிட்டார்.

“கடைசிப் பத்து வகுப்பு வாத்தியார்களோட பேரு வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்கு வேணும். விளக்கம் கேட்டு நோட்டீஸ் போடப்போறேன். பேரை மட்டும் அனுப்புங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்.”

செவ்வாய்க்கிழமை அவள் போனபோது ஆசிரியர் அறையில் அண்ணி மட்டும் இருந்தாள். நோட்டுகளை ஒதுக்கிவிட்டு எழுந்தாள்.

“வாங்க மேடம். உக்காருங்க.”

“அண்ணி, இங்கதான் யாரும் இல்லையே.”

“இல்லாட்டி என்ன, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடம்தானே.”

அவள் மடிக்கணினியைத் திறந்து கட்டத்தைக் காட்டினாள். அண்ணி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

“நாப்பத்தொரு சதவீதம். சரி. இதை வச்சுக்கிட்டு நாளைக்கு மொத பீரியட்ல நான் என்ன பண்ணணும்?”

அவள் எல்லாப் பள்ளியிலும் சொல்வதையே சொன்னாள். “வாசிச்சுப் புரிஞ்சுக்கறதுல பிள்ளைங்க பின்தங்கியிருக்காங்க. அதுக்கு இன்னும் கொஞ்சம் பயிற்சி குடுக்கணும்.”

“காய்ச்சல்னு போனா, உடம்புச் சூட்டைக் குறைங்கன்னு டாக்டர் சொல்லி அனுப்பற மாதிரி இருக்கு” என்றாள் அண்ணி. “எந்தக் கேள்வில தப்பு பண்ணாங்க? சரியான விடையை விட்டுட்டு எதைப் போட்டாங்க? அது இருக்கா, இல்லையா?”

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. அது இருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு கேள்விக்கும் எந்த விடையைத் தேர்ந்தது என்று மூலக் கோப்பில் வரிசை வரிசையாக இருந்தது. கசகசவென்று கண்ணை உறுத்துகிறது என்று அந்த வரிசைகளை மறைத்துவிட்டு, மொத்த மதிப்பெண்ணை மட்டும் நிறத்தோடு கொடுப்பது அவள் வழக்கம். வருடம் முழுக்க, அறுபத்திரண்டு பள்ளிக்கும்.

“இருக்கு. நான்தான் மறைச்சு வச்சேன்.”

“யாருக்குத் தெரியக்கூடாதுன்னு?”

“அப்படியெல்லாம் இல்ல அண்ணி. பக்கம் பாக்க அழகா இருக்கணும்னு.”

அண்ணி நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். “சரி, அழகு பாத்தது போதும். தொற.”

‘மேடம்’ போய்விட்டதை அவள் கவனித்தாள். அது கொஞ்சம் தெம்பாக இருந்தது.

முப்பத்துநான்கு பிள்ளைகள், எட்டுக் கேள்விகள். முதல் நான்கில் தவறுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தன. ஐந்தாவது கேள்வியில் அண்ணியின் விரல் நின்றுவிட்டது. ‘இ’, ‘இ’, ‘இ’ என்று மேலிருந்து கீழ்வரை ஒரே எழுத்து. இருபத்துமூன்று பேர்.

“குருட்டாம்போக்குல போட்டிருந்தா நாலு எழுத்துலயும் பரவியிருக்கும்” என்றாள் அவள். “இது யோசிச்சுப் போட்ட தப்பு.”

தேர்வுத்தாளை எடுத்துப் பார்த்தார்கள். ‘தபால்காரர் தன் குடையைத் தையல்காரரிடம் கொடுத்துவிட்டுப் போனார். சற்று நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. தொப்பலாக நனைந்தபடி வந்து கதவைத் தட்டினார்.’ கேள்வி: கதவைத் தட்டியவர் யார்? ‘இ’ என்பது தையல்காரர்.

அண்ணி வராந்தாவுக்குப் போய், தண்ணீர் குடிக்க வந்த ஒரு ரெட்டைச்சடைக்காரியைக் கூட்டி வந்தாள். அந்தப் பெண் தடங்கலே இல்லாமல் கடகடவென்று வாசித்தாள். வாசித்து முடித்துவிட்டுத் தையல்காரர் என்றாள்.

“எப்படிச் சொல்ற?”

“அவரு பேருதான் டீச்சர் கடைசியா வந்துச்சு.”

“குடை இப்ப யார்கிட்ட இருக்கு?”

“தையல்காரர்கிட்ட.”

“அப்ப நனைஞ்சது?”

ரெட்டைச்சடைக்காரி தாளைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். “தபால்காரரு” என்று குரல் தணிந்து சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இன்னும் நாலு பேரைக் கூப்பிட்டார்கள். எல்லாரும் சரளமாக வாசித்தார்கள். மூன்று பேர் தையல்காரரையே நனைய விட்டார்கள். வாக்கியத்தில் ஆளின் பெயர் இல்லாதபோது, கடைசியாகக் காதில் விழுந்த பெயரைத் தூக்கி அங்கே வைத்துவிடுகிறார்கள். காரணம் பிடிபட்டதில் அவளுக்குக் கைகால் பரபரத்தது. அண்ணிக்கு அப்படி இல்லை.

“எழுத்துப் பிழையில்லாம வாசிக்கறாங்களான்னு மட்டுமே இத்தனை வருஷம் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்” என்றாள். “வாய் வாசிச்சா மண்டையும் வாசிக்குதுன்னு நெனச்சுட்டேன்.”

அவளால் அதற்கு மேல் அடக்கிவைக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமைப் பட்டியலைப் பற்றிச் சொன்னாள்.

“ஞாயித்துக்கிழமை சாப்பிட்டப்பவே தெரியுமா?”

“சிவப்புன்னு தெரியும். பேரு கேட்டது நேத்துதான்.”

அண்ணி நோட்டுகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். அடுக்கியதையே கலைத்து மறுபடியும் அடுக்கினாள். “அண்ணிங்கறதுக்காக என் பேரை உருவிடாத. அப்புறம் மத்த ஒம்பது பேரு மூஞ்சில நான் முழிக்க முடியாது.”

அன்று மாலைக்குள் இருவரும் ஒரு வழி வகுத்தார்கள். தினமும் பத்து நிமிடம், ஒரே ஒரு பத்தி. பெயரில்லாத வினைச்சொல் வரும் இடத்திலெல்லாம் நின்று ‘யாரு?’ என்று கேட்பது. பிள்ளைகள் அந்தச் சொல்லின் தலையில் பென்சிலால் ஆளின் பெயரை எழுதி, ஏன் அவர்தான் என்று சொல்ல வேண்டும்.

புதனும் வியாழனும் அவள் மற்ற ஒன்பது வகுப்புகளின் மறைத்த வரிசைகளைத் திறந்தாள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக இருந்தது. ஒரு பள்ளியில் கடைசி இரண்டு கேள்விகளை யாரும் தொடவே இல்லை. எழுத்துக்கூட்டி வாசித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. இன்னொன்றில் ‘இரவல்’ என்ற சொல்லைப் பாதி வகுப்பு ‘இரவு’ என்று எடுத்துக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் ஒரே மருந்தை எழுதிக் கொடுத்துவிட்டு வந்ததை நினைக்க நினைக்க நெஞ்சு அரித்தது. வெள்ளிக்கிழமை பத்துத் தாள் அனுப்பினாள். ஒவ்வொன்றிலும் பள்ளி, பிள்ளைகள் செய்த தவறு, செய்து பார்க்க ஒரு வழி. ஆசிரியர் பெயர் எதிலும் இல்லை.

மதியமே தொலைபேசி வந்தது.

“பேரு எங்கம்மா?”

“பேரு குடுத்தா நோட்டீஸ் போகும் சார். நோட்டீஸ் வாங்கினவங்க அடுத்த தேர்வுக்கு விடையைச் சொல்லிக்குடுத்துடுவாங்க. கட்டம் பச்சையாயிடும். பிள்ளைங்க அங்கயேதான் நிப்பாங்க.”

“அதுல ஒருத்தங்க உங்களுக்குச் சொந்தமாமே.”

“ஆமா சார், என் அண்ணி. மூணாவது தாள். மொதல்ல அதைப் படிச்சுப் பாருங்க.”

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. “ஒரு மாசம்” என்றார். “அதுக்கப்புறம் பேரை நான் உங்களைக் கேக்க மாட்டேன், நானே எடுத்துக்குவேன்.” வைத்துவிட்டார்.

அந்த ஒரு மாதம் அவள் ஓரிடத்தில் தரிக்கவில்லை. பத்துப் பள்ளிக்கும் போனாள், வந்தாள், மறுபடியும் போனாள். ஒருவர் வகுப்புக்குள் விடவே இல்லை. இன்னொருவர் தாளை வாங்கி நோட்டுக்குள் செருகிக்கொண்டார், மறுவாரம் அவரே நாலு பிள்ளைகளை வாசிக்க வைத்துக் காட்டினார்.

அடுத்த தேர்வு வந்தது. ஆறு வகுப்புகள் ஏறியிருந்தன. மூன்று அசையவில்லை. ஒன்று இறங்கியிருந்தது. அண்ணியின் வகுப்பு ஐம்பத்திரண்டு சதவீதம். பெயரில்லாத ஆளைக் கண்டுபிடிக்கும் கேள்வியில் இந்த முறை ஒன்பது பேர்தான் தவறியிருந்தார்கள். மேலதிகாரி பாராட்டவும் இல்லை, நோட்டீஸ் போடவும் இல்லை. “அந்த எறங்கின ஸ்கூல் என்னாச்சு?” என்று மட்டும் கேட்டார்.

அவள் அந்தப் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது அண்ணி தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“என் கிளாஸ் பிள்ளைங்க வீட்ல உயிரை வாங்குதுங்களாம். அம்மா ‘சாப்பிட்டாச்சு’ன்னு சொன்னா ‘யாரு?’ன்னு கேக்குதாம். ஒரு அப்பா சண்டைக்கே வந்துட்டாரு.” சிரித்துவிட்டு, “ஆனா எட்டாவது கேள்வில பதினாறு பேரு ‘அ’ போட்டிருக்காங்க. ஏன்னு புரியல. எப்ப வர?”

“வியாழக்கிழமை வரட்டுமா அண்ணி?”

“காலைலயே வா.”

இறங்கிய பள்ளியின் மொழி ஆசிரியர் வயதில் சின்னவர். தேர்வுக்கு முந்தின வாரம் பிள்ளைகளை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பயிற்சித் தாள் எழுத வைத்திருந்தார். அவளைக் கண்டதும் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார்.

“நோட்டீஸா மேடம்?”

“இல்ல சார். உங்க பிள்ளைங்க எந்தெந்தக் கேள்விக்கு என்ன எழுதியிருக்காங்கன்னு கொண்டுவந்திருக்கேன்.”

அவர் அவளையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மேசைமேல் இருந்த நோட்டுகளை இரண்டு கையாலும் தள்ளி இடம் பண்ணினார்.