பதினேழு அடி இரண்டு அங்குலம்

தாமரைச்செல்வி மாடியிலிருந்து வீசிய மாம்பழம் இரண்டு வருடமாகக் கீழே விழவில்லை. காரைக்கால் கோயில் தெருவில், அவள் குடியிருந்த மாடிக்கும் எதிர்ச்சாரி வீட்டுக்கும் நடுவே, தரையிலிருந்து பதினேழு அடி இரண்டு அங்குல உயரத்தில் அது நின்றது. அளந்தவன் அவள் கணவன் நவநீதன். அரசலாற்று மதகில் நீர்மட்டம் குறிப்பது அவன் உத்தியோகம். எதையும் அளந்து எழுதிவிட்டுப் பேசாமல் இருப்பது சுபாவம். பழம் மழையில் நனைந்தது, வெயிலில் காய்ந்தது, அழுகவில்லை. முதல் மாதம் நாகூரிலிருந்தும் மாயவரத்திலிருந்தும் ஆட்கள் வந்து அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு தெரு பழகிவிட்டது. கூரியர்காரர்களுக்கு 'மாம்பழத்துக்கு நேர் எதிர் வீடு' என்று வழி சொன்னார்கள். கீழ்வீட்டில் இருந்த மின்துறை லைன்மேன் கார்த்திகேசன், கம்பி பழத்தில் உரசாதபடி இரண்டு கம்பங்களிலும் மூன்றடி உயர்த்திக் கட்டினார். வேலைப் பதிவேட்டில் காரணம் என்ற இடத்தில் 'மாம்பழம்' என்று எழுதினார். மேலதிகாரி கையெழுத்துப் போட்டார்.

மாங்கனித் திருவிழாவில் சாமி சப்பரத்தில் வரும்போது, வேண்டுதல் பலித்தவர்கள் மாடிகளில் நின்று மாம்பழம் இறைப்பார்கள். கீழே நிற்பவர்கள் பிடித்துக்கொள்வார்கள். பலித்த பிறகுதான் இறைக்க வேண்டும். கோட்டுச்சேரியில் ஒரு பள்ளியில் வரலாறு நடத்திய தாமரைச்செல்விக்கு அது தெரியாமல் இல்லை. பொறுமைதான் இல்லை. ஊறுகாய் போட்ட மறுநாளே ஜாடியைத் திறந்து பார்க்கிறவள் அவள். அந்த வாரம்தான் இருவருடைய பாஸ்போர்ட்டும் வந்திருந்தன. எதற்கு என்று நவநீதன் கேட்டிருக்கவில்லை. தெருவுக்கு நாலு வீட்டு ஆட்கள் பாரீஸில் இருக்கும் ஊரில் பாஸ்போர்ட் எடுக்கக் காரணம் தேவையில்லை. கூடையில் இருந்ததிலேயே நல்ல பழமாக அவள் பொறுக்கி எடுத்தபோதுதான் கேட்டான்.

"என்ன, பலிச்சிடுச்சா?"

"பாஸ்போர்ட் வந்துடுச்சுல்ல? பாதி போன மாதிரிதாங்க."

"எங்க போன மாதிரி?"

"போயிட்டு வந்தப்புறம் சொல்றேன். முன்னாடியே சொன்னா பலிக்காது."

சப்பரம் வந்ததும் எறிந்தாள். மற்றவர்கள் எறிந்தவையெல்லாம் ஆயிரம் கைகளுக்குள் விழுந்தன. அவளுடையது மட்டும் பாதியில் நின்றது. அவள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பாருங்களேன், காத்திருக்கு" என்று சொல்லிச் சிரித்தாள்.

கார்த்திகையில் மூன்று நாள் காய்ச்சலில் அவள் இறந்தாள். வயது இருபத்தொன்பது. நவநீதன் அழவில்லை. காரியம் முடிந்த மறுநாள் மதகுக்குப் போய் மட்டம் குறித்தான். அதன்பின் அவள் பெயர் அவன் வாயில் வரவில்லை. சொல்லியே ஆக வேண்டிய இடங்களில் 'வீட்டில்' என்றான். சாப்பாட்டில் உப்பும் புளிப்பும் தெரியாமல் போயின. காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிரே பழம் நின்றது, கைக்கு எட்டாத தூரத்தில். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதினான்: 17-2. மறுநாளும் 17-2.

அடுத்த திருவிழாவில் சப்பரத்தின் கலசம் பழத்தில் மோதி வளைந்தது. பழத்தில் கீறல் இல்லை. மறுநாள் விழாக் குழுவின் தெட்சிணாமூர்த்தி மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"தம்பி, தப்பா நினைக்கப்படாது. நடுத்தெருவுல நிக்கிறது ஒங்க வீட்டு வேண்டுதல். அத முடிச்சு வைங்க. இல்லாட்டி அடுத்த வருசம் சப்பரத்தப் பின்தெரு வழியாத்தான் கொண்டுபோவணும். எங்க தாத்தா காலத்துலேருந்து இந்தத் தெருவுலதான் வருது."

"என்ன வேண்டுதல்னே எனக்குத் தெரியாதுங்க."

"தெரிஞ்சவங்க யாராச்சும் இல்லாமலா இருப்பாங்க?"

இருந்தாள். தாமரைச்செல்வியோடு வேலை பார்த்த அஸ்ஃபியா டீச்சர் அன்று சாயங்காலமே வந்து, உட்காராமல் வாசற்படியில் நின்றபடி சொன்னாள்.

"யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு கையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாண்ணே. அவ போனப்புறம் ஒங்ககிட்ட இதச் சொல்ல எனக்கு மனசு வரல. இஸ்தான்புல். ரெண்டு பேரும் போவணும், ஊரச் சுத்திப் பாக்கணும், கடல் தெரியிற ஓட்டல்ல தங்கணும். அதான் வேண்டுதல்."

"பாரீஸ் இல்லியா?"

"பாரீஸா! அத எல்லார் வீட்டுக் கல்யாண வீடியோவுலயும் பாத்தாச்சுடின்னுவா."

இஸ்தான்புல் துருக்கியர் கையில் விழுந்து, பழைய வணிகப் பாதை அடைபட்டதால்தான் வெள்ளைக்காரர்கள் கடலில் வழி தேடினார்கள், அந்த வழிதான் கடைசியில் காரைக்கால் வரைக்கும் வந்தது என்று அவள் வகுப்பில் நடத்துவாளாம். வருடா வருடம் கரும்பலகையில் அந்த நகரத்துக் கோட்டைச் சுவரை வரைவாளாம். அழிக்க மனமில்லாமல் அடுத்த பீரியடு ஆசிரியரிடம் திட்டு வாங்குவாளாம். இது எதுவும் நவநீதனுக்குத் தெரியாது. அவன் ஒன்றைத்தான் திரும்பக் கேட்டான்.

"ரெண்டு பேரும்னா சொன்னா?"

"ஆமாண்ணே" என்று அஸ்ஃபியா தரையைப் பார்த்தாள்.

மறு வருடம், திருவிழாவுக்கு முன்னால், வைகாசி முடிவில் அவன் சென்னையில் விமானம் ஏறினான். சட்டைப்பையில் இரண்டு பாஸ்போர்ட் இருந்தன. இஸ்தான்புல்லில் கடல் தெரியும் பழைய மரவீடு ஒன்றை ஓட்டலாக்கி வைத்திருந்தார்கள். அறையில் இரண்டு தலையணை. மொட்டை மாடியில் காலைச் சாப்பாடு. கடற்காகங்கள் கைப்பிடிச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து தட்டுகளைக் கவனித்தன. ரொட்டியும் ஆலிவ் காயும் அவன் நாக்குக்கு ஒன்றுபோலவே இருந்தன. இரண்டு நாள் அவன் அந்த நகரத்தை மதகைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். ஹகியா சோபியாவின் குவிமாடம் என்ன உயரம், சுல்தான் அரண்மனையில் எத்தனை வாசல், கோட்டைச் சுவர் என்ன கனம் என்று எல்லாவற்றையும் நோட்டில் குறித்தான். ஊரில் கார்த்திகேசன் அடிக்கணக்குக் கோடு போட்ட மூங்கிலை நட்டுவைத்துப் பழத்தை அளந்து, போனில் சொன்னார்.

"அசையல தம்பி. பதினேழு ரெண்டுதான்."

"ஒருத்தரா வந்தா ஏத்துக்காதுபோல இருக்குண்ணே."

"போன எடத்துல சும்மா இருக்காதீங்க. இன்னும் நல்லாப் பாருங்க."

பார்க்க இரண்டு நாள்தான் மிச்சம் இருந்தது. மூன்றாம் நாள் காலை, தரைக்கடியில் கட்டிய பழைய நீர்த்தொட்டிக்குள் படியிறங்கினான். முந்நூறுக்கு மேற்பட்ட தூண்கள் இருட்டில் வரிசை வரிசையாக நின்றன. தூண்களின் காலடியில் கொஞ்சம் தண்ணீர் அசையாமல் கிடந்தது. ஒரு பேரரசின் அரண்மனைக்கே தண்ணீர் தேக்கிய இடம். அவன் உத்தியோகம் அவனையறியாமல் விழித்துக்கொண்டது. மடை எங்கே, வடிகால் எங்கே என்று கண் தேடிப் போயிற்று. கடைக்கோடித் தூணுக்கு அடிக்கல்லாக ஒரு பெண்ணின் தலையைத் தலைகீழாக வைத்திருந்தார்கள். சுற்றி நின்றவர்கள் கழுத்தை வளைத்து வளைத்துப் படம் எடுத்தார்கள். நவநீதன் வளைக்கவில்லை. கால் படக்கூடாது என்று தலையால் நடந்து மலையேறிய ஒருத்தியின் ஊர்க்காரன் அவன். சிரிப்பு வந்தது. திரும்பி, தன் இடப்பக்கம் பார்த்து, ஊரில் பேசுகிற சத்தத்திலேயே சொன்னான்:

"செல்வி, இங்க பாரேன். நம்ம ஊரு ஆளு."

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. தண்ணீரில் அந்தப் பெயர் பட்டுத் தூண் தூணாகப் போய்த் திரும்பி வந்தது. சட்டைப்பையில் போன் அடித்தது.

"தம்பி! எறங்கிடுச்சு! மூணு அடி! இப்பத்தான், பொசுக்குன்னு! என்ன பண்ணீங்க?"

"அவளுக்குக் காட்டினேன்."

"அப்ப காட்டிக்கிட்டே இருங்க, வாய மூடாதீங்க!"

அதற்குப் பிறகு அவன் வாயை மூடவில்லை. முதல் இரண்டு நாள் பார்த்த இடங்களுக்கெல்லாம் திரும்பப் போனான். குவிமாடத்துக்குக் கீழே நின்று, "இத்தினி ஒசரத்துக்கு நடுவுல ஒரு தூண்கூட இல்ல பாரு" என்றான். அரை அடி இறங்கியது. கோட்டைச் சுவரில் கையை வைத்து, "நீ போர்டுல வரைஞ்சது இதத்தான், ஒன் படத்துல நேரா இருக்கும், இங்க கோணலா இருக்கு" என்றான். ஒன்றரை அடி. இரண்டு கண்டங்களுக்கு நடுவே போகும் படகில் கண்ணாடித் தம்ளரில் தேநீர் வாங்கி, "நம்ம ஆத்துப் படுகை டீக்கட டீயோட சேத்தி இல்ல" என்றதற்கு இரண்டு அடி இறங்கியது. அங்கே யாரும் அவனை விசித்திரமாகப் பார்க்கவில்லை. படகில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவர் கொஞ்சம் நகர்ந்து அவன் இடப்பக்கம் இடம் விட்டார். கோயில் தெருவில் சமையல் நின்றுபோனது. நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஒவ்வொரு அடிக்கும் எழுந்த கூச்சல் போன் வழியாக, கடைசியாக அவன் ஏறிய கலாத்தா கோபுரத்தின் உச்சிவரை கேட்டது. நகரம் முழுவதையும் அவன் அங்கே நின்று கைநீட்டிக் காட்டி முடித்தபோது பழம் ஆறடியில் நின்றது.

அங்கிருந்து இறங்கவில்லை. அவன் ஊர் திரும்பியும் அப்படியே நின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகூட எம்பித் தொடும் உயரம்; ஒருவரும் தொடவில்லை. கார்த்திகேசன் சுற்றிலும் கயிறு கட்டி, ஒரு சிவப்புத் துணியைத் தொங்கவிட்டிருந்தார். திருவிழாவன்று சப்பரம் தெருமுனை திரும்பி, கயிற்றுக்கு முன்னால் நின்றது. மேளம் அடங்கியது. மாடிகளில் கூடைகளோடு நின்றவர்கள் இறைக்காமல் காத்தார்கள். தெட்சிணாமூர்த்தி, தூக்குபவர்களைப் பார்த்துப் பின்வாங்கக் கையசைக்கத் தொடங்கினார்.

நவநீதன் மாடியிலிருந்து இறங்கிவந்து, கயிற்றைத் தாண்டி, பழத்துக்கு அடியில் இரண்டு கையையும் ஏந்தி நின்றான். அண்ணாந்து பார்த்தான்.

"போயிட்டு வந்துட்டோம், செல்வி" என்றான். "ரெண்டு பேரும்."

பழம் விழுந்தது. எல்லாப் பழங்களும் விழுவதுபோல, கனமாக, 'தொப்'பென்று கையில் விழுந்தது. தெரு எழுப்பிய சத்தத்தில் பக்கத்துத் தருமபுரம்வரை காகங்கள் கிளம்பின. மாடிகளிலிருந்து மாம்பழம் மழையாகக் கொட்டியது; மேளம் எடுத்த எடுப்பிலேயே உச்சத்துக்குப் போனது; சப்பரம் அசைந்து அவனைக் கடந்தது. அவன் தோலோடு கடித்தான். முதலில் தோலின் துவர்ப்பு, பிறகு ஒரு கீற்று புளிப்பு, அதன் பின்னால் இனிப்பு, மூன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. முழங்கைவரை சாறு வழிந்தது. அவன் அழுதுகொண்டே சாப்பிட்டான், சாப்பிட்டுக்கொண்டே சிரித்தான்.

"எனக்குப் பங்கு இல்லியாண்ணே? ரகசியத்தச் சொமந்தவ நானு!" என்று அஸ்ஃபியா கூட்டத்துக்குள்ளிருந்து கத்தினாள். பாதியை அவளிடம் கொடுத்தான். கொட்டையை இரண்டு பாஸ்போர்ட்டும் இருந்த பையில் போட்டுக்கொண்டான்.

மறுநாள் காலை கார்த்திகேசன் ஏணியோடு வந்து, கயிற்றையும் சிவப்புத் துணியையும் அவிழ்த்தார். கம்பியைப் பழைய உயரத்துக்கே இறக்கிக் கட்டினார். அதற்காகக் கோயில் தெருவில் அரை மணி நேரம் மின்சாரம் நிறுத்தப்பட்டது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை.