கூரை இடுக்கு

யுவராணியின் போனில் இரண்டு ஊர்களின் வெப்பநிலை தெரியும். அவள் இருந்த மரக்காணம் இருபத்தேழு. போலந்தில் அவள் புருஷன் கௌதம் வேலை பார்த்த ஊர் மைனஸ் பத்தொன்பது. உப்பளத்தில் பாத்தி மிதிக்கிற நேரத்திலும் அவள் அதை எடுத்து எடுத்துப் பார்ப்பாள்.

"ரெண்டு வாரமா இந்தக் குளிரு நகரவே மாட்டேங்குது ராணி. மேல ஒரு காத்தழுத்தம் ஈசிஆர்ல மறியல் பண்றாப்ல வழிய அடைச்சிக்கினு உக்காந்திருக்குதாம். கடல் பக்கத்துச் சூட்டுக்காத்து உள்ள வர முடியாம சுத்திக்கினு போயிடுது. வடக்குக் குளிரு நேரா எங்க மேல எறங்குது" என்றான் கௌதம்.

அவன் தனியாகத் தங்கியிருந்த தகரக் கேபினில் ஹீட்டர் வேறு கெட்டுப்போயிருந்தது. திங்கட்கிழமை ஆள் வரும் என்றார் ஏஜென்ட். எந்தத் திங்கட்கிழமை என்று அந்த மகராசன் சொல்லவில்லை.

யோசனை சொன்னது யுவராணிதான். ஐப்பசி மழையில் அவள் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தபோது, மாமியார் ஆராயி கட்டிலடியில் கரிச்சட்டி வைத்தாள். தாயும் பிள்ளையும் கதகதப்பாகத் தூங்கினார்கள்.

"அதே மாதிரி ஒரு சட்டியில கரி போட்டு வைங்க. கதவ நல்லா சாத்திக்கங்க."

"கறி சுடுற கரி கடையிலயே விக்குது. வாங்கிக்கிறேன்" என்று சிரித்தான்.

மறுநாள் அவன் போனை எடுக்கவில்லை. மூடிய அறைக்குள் கரிப்புகை தங்கி மூச்சை நிறுத்திவிட்டதாம். பக்கத்து கேபின் மணிகண்டன் அழுதுகொண்டே சொன்னான்.

உடல் வந்து சேரப் பத்து நாளுக்கு மேல் ஆகும் என்றார்கள். "எவன் சொல்லிக் குடுத்தான் எம்புள்ளைக்கு?" என்று ஆராயி வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக் கேட்டு அழுதாள். சொன்னது தான்தான் என்று ஒத்துக்கொள்ள யுவராணிக்குப் பயமாக இருந்தது.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் ஊதல்காற்று அடித்தது. யுவராணி பிள்ளை பெற்றுப் படுத்திருந்த அந்த வீட்டில் சுவருக்கும் சிமென்ட் ஷீட்டுக்கும் நடுவே கையகல இடுக்கு உண்டு. லீவில் வந்து பூசிவிடுவதாகக் கௌதம் சொல்லியிருந்தான். ஆராயி ஸ்டூலில் ஏறி அதில் உப்புச் சாக்கைத் திணித்தாள். பிறகு பேரப்பிள்ளைக்காகக் கரிச்சட்டியைக் கொண்டுவந்து வைத்துக் கதவைச் சாத்தினாள்.

யுவராணி சட்டியை வெறுங்கையால் தூக்கி வாசலில் எறிந்தாள். ஸ்டூலில் ஏறிச் சாக்கைப் பிடுங்கிப் போட்டாள்.

"கை வெந்துடுச்சேடி! ஏன்டி இப்டி பண்ற?"

"இந்த இடுக்கு இருந்ததாலதான் நாங்க பொழச்சோம் அத்த. அப்ப எனக்கு அது தெரியாது. அவருக்குச் சொல்லிக் குடுத்தது நான்தான். கதவ சாத்திக்கச் சொன்னதும் நான்தான்."

ஆராயி மருமகளின் கையை இழுத்துத் தண்ணீர்க் குடத்துக்குள் விட்டாள்.

"உனக்குக் காட்டிக் குடுத்தது நான்தானேடி" என்றாள்.

இருவரும் குடத்தருகே உட்கார்ந்து அழுதார்கள்.

"இன்னும் நாலு நாள் அவர் பொறுத்துக்கினு இருந்திருந்தா போதும் அத்த" என்றாள் யுவராணி. "வழிய அடைச்சிருந்த காத்தழுத்தம் நகந்துடுச்சி. இப்ப அங்க குளிரே இல்ல."