துண்டுக்கு அடியில் இரண்டு கைகள்

கல் தரகரின் கை அவர் மனைவியின் கைக்குள் புகுந்து மறுபக்கம் வந்த வாரம் சந்தையில் நீலக்கல் விலை ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. ஆகவே யாரும் அதைக் கவனிக்கவில்லை. அந்தச் சந்தையில் பேரம் வாயால் நடப்பதில்லை. துண்டுக்கு அடியில் கையைக் கோத்து விரலை அமுக்கினால் விலை. முதலில் வாயைத் திறந்தவன் தோற்றான். தரகரும் மனைவியும் சேர்ந்தே தொழில் செய்தவர்கள். வீட்டு விவகாரத்தையும் அப்படியே முடித்துக்கொள்வார்கள். மகளைப் படிக்கவைத்தது, மாமியாரைத் தனி வீட்டுக்கு அனுப்பியது, எல்லாம் துண்டுக்கு அடியில்தான். இத்தனை வருடத்தில் சண்டைச் சத்தமே கேட்டதில்லை என்று தெருவே பொறாமைப்பட்டது.

அந்த வாரத்தில், மனைவியின் வயிற்றில் கட்டி, ஒரு மாதத்துக்குள் அறுத்துவிட வேண்டும் என்று மருத்துவர் சொன்ன அன்று சாயங்காலம் இருவரும் சாப்பாட்டு மேசையில் துண்டை விரித்தார்கள். அறுக்கலாம் என்று அவர் அமுக்கினார்; பதில் இல்லை. பிடி கொடுக்காமல் பிகு பண்ணுகிறாள் என்று நினைத்தார். அவளுக்கோ கத்தி என்றாலே பயம். அவர் ஒரு அமுக்கு அமுக்கினால் துணிந்துவிடலாம் என்று பார்த்தாள். விரலில் ஒன்றும் படவில்லை. தனக்காக மெனக்கெட மனுஷனுக்கு மனசில்லை என்று முடிவுகட்டினாள். இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள். காத்திருந்தார்கள். தினமும் துண்டு விரிந்தது, மடிந்தது. மாதம் போனது, மழைக்காலமும் போனது.

“வாயத் தொறந்து பேசித் தொலைங்களேன்!” என்று மகள்தான் கடைசியில் துண்டைப் பிடுங்கினாள். அப்பாவின் கை அம்மாவின் கைக்குள், தண்ணீரில் விட்டதுபோல், மணிக்கட்டுவரை அமிழ்ந்திருந்தது. மறுநாள் மருத்துவர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, இனி அறுத்துப் பயனில்லை என்றார்.

மாடி வீட்டு இயற்பியல் ஆசிரியர் வந்து விளக்கினார். உலகம் நாலு விசைகள் கூட்டாக நடத்தும் வியாபாரம். இரண்டு பேர் அணுவின் கருவுக்குள்ளேயே கிடப்பவர்கள், தெருப்பக்கம் தலைகாட்டுவதில்லை. மூன்றாமவர் ஈர்ப்பு. பொருளுக்குள் பொருள் புகாமல் தடுத்து, தொட்டால் தொட்டதுபோல் இருக்கவைப்பது மின்காந்தம். தரகருக்கும் மனைவிக்கும் நடுவில் அது மட்டும் கடையைச் சாத்திவிட்டது.

“மறுபடி தொறக்குமா, சார்?” என்றார் தரகர்.

“தெரியலைங்க. ஆனா ஈர்ப்பு இருக்கு. இன்னமும் நீங்க ஒருத்தரை ஒருத்தர் இழுத்துக்கிட்டுதான் இருக்கீங்க. எந்தத் தராசுலயும் நிக்காது, அவ்ளோ கம்மி.”

“இந்த வயசுல அதுவே அதிகம்” என்றாள் அவள். கணவரிடம் அல்ல, ஆசிரியரிடம்.

அதன்பின் மகள்தான் அம்மாவைக் குளிப்பாட்டினாள், புரட்டிப் படுக்கவைத்தாள். தரகர் தூக்கப் போனால் கை காற்றைத் தூக்கியது. பேசிப் பார்த்தார், விலை கேட்பதுபோலவே வந்தது. கடைசியில், ஒருவர் படுக்கும் கட்டிலில் அவள் கிடந்த இடத்திலேயே அவரும் படுத்துக்கொண்டார். அவள் வலி இருந்த இடத்தில்தான் அவர் வயிறும் இருந்தது. அவருக்கு ஒன்றும் வலிக்கவில்லை. ஊசி போட வரும் நர்ஸ், “ஐயா, கொஞ்சம் எந்திரிங்க, அம்மா கை எதுன்னு தெரியல” என்பாள். அவர் எழுந்து சுவரோரம் நிற்பார். நர்ஸ் போனதும் மறுபடி படுத்துக்கொள்வார்.